மூணாம் லைனும் ரெண்டு யூனிட் ரத்தமும்

ஆஸ்பத்திரி நர்ஸ் ஊசி போடுவாள். பனியன் கம்பெனி நர்ஸ் ஊசியைப் பிடுங்குவாள். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினொரு வருஷமாக நான் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். கட்டிங் செக்‌ஷனுக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, எப்போதும் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டும் ஓர் எடை மெஷின். இதுதான் என் ராஜ்ஜியம். படிக்கும்போது ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக வேண்டும் என்று கனவு கண்டவள், பிள்ளைகள் கொஞ்சம் வளரும்வரை என்று சொல்லி இங்கே வந்து உட்கார்ந்தேன். பிள்ளைகள் என்னைவிட உயரமாகிவிட்டார்கள், நான் எழுந்திருக்கவில்லை.

மெஷினில் குனிந்து கழுத்து போனவர்கள், செக்கிங் டேபிளில் நின்று கால் வீங்கினவர்கள், என்னைப்போல ஒரு டப்பா பாராசிட்டமாலை வைத்துக்கொண்டு உலகத்து நோயையெல்லாம் சமாளிப்பவர்கள், எல்லோரும் இதைப் படிக்கலாம். உங்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. ஆனால் நான் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எழுதியாவது சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

முனை எங்கே?

டெய்லர் விரலில் ஊசி ஏறுவது எங்கள் ஊரில் தடுமனுக்கு அடுத்தபடி சாதாரணம். ஏறினால் பரவாயில்லை, உடைந்தால்தான் வம்பு. உடைந்த ஊசியின் துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒரு தாளில் ஒட்டி, கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துணுக்கு குறைந்தாலும் அந்த லாட் முழுவதும் நின்றுவிடும். எங்கோ ஒரு வெளிநாட்டுக் குழந்தை போடப்போகிற சட்டையில் முனை இருந்துவிட்டால் என்ன ஆவது? நியாயமான பயம்தான்.

நான் சேர்ந்த முதல் வாரம். தையல் மெஷின்கள் வரிசையாக ஓடும் மூணாம் லைனிலிருந்து ஒரு பெண், விரல் நகத்துக்குள் ஊசியோடு ஓடி வந்தாள். அவள் பின்னால் அவளைவிடப் பதறிக்கொண்டு சூப்பர்வைசர் கந்தசாமி. பொங்கலூர்க்காரர், வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். அடடா, தொழிலாளி மேல் எவ்வளவு அக்கறை என்று நான் உருகிப்போனேன். அந்தப் பெண் அழ, நான் இடுக்கியை எடுக்க, அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "விரலை நீங்க பாத்துக்கங்க சிஸ்டர், முனையை மட்டும் என்ர கையில குடுத்துப்போடுங்க."

ஒரு டோக்கன்

அந்தக் காலத்தில் (நான் சொல்வது ஐந்தாறு வருஷத்துக்கு முந்தைய காலத்தை) எங்கள் கம்பெனியில் லைனுக்கு ஒரு டோக்கன். சூப்பர்வைசர் மேஜை மேல் ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு போகிறவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் பாத்ரூம் போகலாம். லைனில் முப்பத்தைந்து பேர். கணக்குத் தெரிந்தவர்கள் காலையிலேயே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். எல்லோருக்கும் கணக்குத் தெரியும்.

விளைவு என் அறைக்கு வரும். எரிச்சல், குளிர்காய்ச்சல், அடிவயிற்று வலி. நான் என்ன செய்தேன்? சார்ட் வாங்கி, கலர் பென்சிலில் ஒரு பெரிய சொம்பு வரைந்து, தினமும் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எழுதி, கேன்டீனில் ஒட்டி, வகுப்பும் எடுத்தேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். செக்கிங்கில் இருக்கும் சரசு அக்கா மட்டும் கை தூக்கி, குடித்தது வெளியே போவதற்கும் ஒரு படம் வரையச் சொன்னார். அனுப்பர்பாளையத்துக்காரர், ஐம்பது வயது, மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்கும் குரல். அன்றைக்கே சார்ட்டைக் கிழித்துவிட்டு மேனேஜரிடம் போனேன். போனேன் என்றால், மூன்று மாதம் போனேன். கடைசியில் ஒரு டோக்கன் இரண்டானது. பெருமையாக நான் போய்ச் சொன்னதும் சரசு அக்கா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்: "சந்தோசமுங்க சிஸ்டர், இனி அவசரத்துக்குப் பேச்சுத் துணையோட போலாம்."

இப்போது டோக்கனே இல்லை. அந்தப் பேச்சுத் துணையில் பேசினதெல்லாம் மேனேஜர் காதுவரை போனதால்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளை ஆர்டர்

வெள்ளைத் துணி லைனில் ஏறினால் கம்பெனியே மடி ஆசாரமாகிவிடும். மேஜைக்கு உறை, நாற்காலிக்கு உறை, மெஷினுக்கு அடியில் விரிப்பு. தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, கையில் மருதாணி கூடாது. ஒரு புள்ளி கறை பட்டாலும் பீஸைத் தூக்கிப் பிடித்து, இது யார் பண்டல் என்று கேட்பார்கள். அப்போது எல்லா மெஷினும் நின்று எல்லாத் தலையும் திரும்பும்.

அப்படி ஒரு வெள்ளை ஆர்டர் முடிந்த நாளில் கந்தசாமி என் அறைக்கு வந்தார். அருள்மேரியைப் பற்றிப் புகார். அருள்மேரி மூணாம் லைனின் துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவள். வீட்டுக்காரர் சாயப்பட்டறையில், மகள் ப்ளஸ் டூவில். லைனில் அவளைப்போல வேகம் யாருக்கும் கிடையாது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கறுப்பு, நேவி ஓடும்போது ஒரு நாள்கூட லீவு போடாதவள், வெள்ளை ஏறினால் இரண்டு நாள், மூன்று நாள் காணாமல் போய்விடுகிறாளாம். நாலைந்து தடவை இப்படி ஆகிவிட்டது. கெட்டிக்காரர் ரொம்ப யோசித்துக் காரணத்தையும் கண்டுபிடித்து வைத்திருந்தார்: "வெள்ளையைப் பாத்தா அந்தம்மாளுக்குக் கண்ணு கூசுதுங்க சிஸ்டர், சொட்டு மருந்து ஏதாச்சும் விட்டுப்போடுங்க."

கறுப்பில் தெரியாது

விடப் போனேன். அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. படித்த நர்ஸ், ஒரு சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்த வைத்தியத்தைச் செய்ய, அருள்மேரியைக் கட்டிலில் உட்காரவைத்து, முகத்தை நிமிர்த்தி, கீழ் இமையை இழுத்துப் பிடித்தேன். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. நாக்கை நீட்டச் சொன்னேன். அதுவும் அப்படித்தான். நகமும் அப்படித்தான். எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, மாசமாசம் எப்படி என்று கேட்டேன்.

முதலில் சிரித்தாள். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இரண்டு வருஷமாகப் பத்து நாள், பன்னிரண்டு நாள் நிற்காதாம். கட்டி கட்டியாகப் போகுமாம். நாப்கின் தாங்காததால் கட்டிங் வேஸ்டில் கறுப்பும் நேவியுமாகப் பொறுக்கி வைத்துக்கொள்வாளாம். கறுப்பு ஆர்டர் என்றால் சமாளித்துவிடலாம். சுடிதாரும் கறுப்பு, மடியில் கிடக்கும் பீஸும் கறுப்பு. வெள்ளை என்றால் நாற்காலி உறைகூட வெள்ளை. ஒரு சொட்டு பட்டாலும் எல்லாத் தலையும் திரும்பும். அதனால்தான் லீவு.

என் அறைக்கும் அவள் மெஷினுக்கும் முப்பது அடி. தலைவலி என்று வந்து மாத்திரை வாங்கிப் போயிருக்கிறாள், நானும் பேர் எழுதிக்கொண்டு கொடுத்திருக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கோபப்பட்டேன். நான் கேட்காமல் விட்டதற்கான கோபம்தான், அது அவள் மேல் விழுந்தது. ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறாய், எவ்வளவு போகிறது, சுமாராகவாவது சொல் என்றேன். அவள் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள்: "கறுப்புத் துணியில தெரியாதுல்லக்கா, இம்புட்டுன்னு எனக்கே தெரியலயே."

பத்து வருஷ டிரெய்னிங்

ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் ஆறு. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறை வைத்துக்கொண்டு அவள் ஒரு ஷிப்டு முழுக்க ஓவர்லாக் மிதித்திருக்கிறாள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. பைபிளுக்குள் பத்திரமாக, கசங்காமல், ஒரு தடவைகூட வெளியே வராமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் போய்விடும், ஒரு நாளில் முடியாவிட்டால் இரண்டு நாள். அவள் இல்லாத இடத்தில் பீஸ் குவிந்தால் லைனே அவளைத் திட்டும். அதை நினைத்தே போகவில்லையாம். நான் கந்தசாமியிடம் போய், கண்ணில் ஒன்றுமில்லை, உடம்பில் ரத்தமில்லை என்று மட்டும் சொன்னேன். மனிதர் ஒரு கேள்வி கேட்கவில்லை. காதிலிருந்த பென்சிலை எடுத்தார், கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு முதன்முதலாக அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

நானும் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் தங்கமானவர். இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று கேட்காத டாக்டரை நான் பார்த்தது அபூர்வம். ஸ்கேன் எடுக்க வேண்டும், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, கூப்பிடும்வரை அடக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றார்கள். வெளியே நீளமான வரிசை. ஒவ்வொருத்தராக முடியவில்லை என்று எழுந்து ஓடினார்கள். ஓடினவர்கள் மறுபடி முதலிலிருந்து தண்ணீர் குடித்தார்கள். அருள்மேரி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் அறைப் பெண் ஆச்சரியப்பட்டு, இவ்வளவு நேரம் எப்படிம்மா தாங்கினே என்று கேட்டதற்கு அவள் சொன்னாள்: "பனியன் கம்பெனியில பத்து வருசமா இதுக்குத்தான மேடம் டிரெய்னிங் எடுத்தோம்."

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடுக்கப் போனவர்கள்

கர்ப்பப்பையில் கட்டிகள். மொத்தமாக எடுத்துவிடுவதுதான் நல்லது, எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால்தான் அது எந்த வகைக் கட்டி என்று சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த "எந்த வகை" என்ற இரண்டு வார்த்தை அருள்மேரியின் தலையில் உட்கார்ந்துகொண்டது. பஸ்ஸில் வரும்போது, மகள் பரீட்சை முடியும்வரையாவது இருந்துவிடுவேனாக்கா என்று கேட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஆறு பாயிண்டை வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்க முடியாது. முதலில் இரண்டு யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டும். அவளுடைய வகை ரத்தம் கையிருப்பில் குறைவு. எந்த வகையானாலும் சரி, அதற்கு ஈடாகக் கொடுக்க ஆள் கூட்டி வாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. கேன்டீனில் சரசு அக்கா காதில் போட்டேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனி வேன் வந்து நின்றபோது உள்ளே எட்டுப் பெண்கள். பட்டுச் சேலை இல்லையே தவிர, கல்யாணத்துக்குப் போவதுபோலத் தலை நிறையப் பூ. சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்ததால், ஒருத்தி வேனிலேயே எல்லோருக்கும் இட்லி பரிமாறிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில் கந்தசாமி. லைனில் பாதியை மயக்கம் போட விட்டுவிடக் கூடாது என்று காவலுக்கு வந்தாராம்.

ரத்த வங்கியில் முதலில் விரலில் ஒரு குத்து. ஒரு சொட்டைச் சோதித்துவிட்டு, அங்கிருந்த இளைஞர், சாரி மேடம், உங்களுக்குக் கம்மியாக இருக்கிறது, எடுக்க முடியாது என்றார். அடுத்தவளுக்கும் அதே. அதற்கடுத்தவளுக்கும் அதே. ஏழாவது ஆள் வரும்போது அவருக்கே சொல்லக் கூச்சமாகிவிட்டது, என்னைப் பார்த்தார். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு, மிச்சத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டு ஓடி வந்து வேன் பிடிக்கிறவர்களின் ரத்தம் வேறு எப்படி இருக்கும்? எட்டுப் பேரும் போனபின், நான் இருக்கிறேன் என்று கம்பீரமாகக் கையை நீட்டினேன். கீரை சாப்பிடுங்கள், பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள் என்று பதினொரு வருஷமாக வகுப்பெடுத்த கை. ஒன்பதரை!

கடைசியில் தேறினவர்கள் இரண்டு பேர். கந்தசாமியும் வேன் டிரைவரும். கந்தசாமி ஊசியைப் பார்க்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் ரத்தம் ஏறினால் டார்கெட் முடியாமல் யாரும் ஊட்டுக்குப் போக மாட்டார்கள் என்று முனகினார். எங்களுக்கு ஜூஸ்கூட இல்லை, ரத்தம் கொடுத்தவர்களுக்குத்தான் ஜூஸ். வெளியே பெஞ்சில் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். சரசு அக்கா, கூட்டமே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னார்: "குடுக்கோணும்னு பூ வெச்சுட்டு வந்தமுங்க சிஸ்டர், எங்களுக்கே ஏத்தோணும்ங்கறாங்க!"

மெஷினில் யார்?

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சோதனை ரிப்போர்ட்டுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் நான் சும்மா இருக்க முடியாமல், ரத்த வங்கியில் எங்களுக்குச் சொன்ன ஒன்பது நம்பரையும் ஒரு தாளில் எழுதி மேனேஜர் மேஜையில் வைத்தேன். இந்த முறை மூன்று மாதம் நடக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வாரமே கம்பெனி முழுக்கப் பெண்களுக்கு ரத்தப் பரிசோதனை, எல்லோருக்கும் இரும்புச்சத்து மாத்திரை. எங்களைத் திருப்பி அனுப்பிய அந்த இளைஞருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் பேர்கூடத் தெரியாது.

ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார். நான் வராந்தாவுக்கு வந்து தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். யூனிபார்மில் அழும் நர்ஸை ஜனங்கள் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள், போகட்டும். சாயங்காலம் நானும் சரசு அக்காவும் கந்தசாமியும் ஆளுக்கொரு பழப் பையோடு அருள்மேரியின் லைன் வீட்டுக்குப் போனோம். மகள் நாற்காலி போட்டாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அருள்மேரி நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் தலையிலும் போட்டாள். அம்மாவும் பெண்ணும் அழ, சரசு அக்கா மூக்கைச் சிந்த, கந்தசாமி அவசரமாக ஒரு வாழைப்பழத்தை உரித்து யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அழுகை நின்றதும் அருள்மேரிக்கு அடுத்த பயம் வந்துவிட்டது. உயிர் நிச்சயமான பிறகுதானே வேலையைப் பற்றிப் பயப்பட முடியும்? எங்கள் ஊரில் ஒரு மெஷின் மூன்று நாள் காலியாக இருந்தால் புது ஆள் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவரை எழுப்ப முடியாது. இவள் போய் இருபது நாள் ஆகிறது, ஓய்வு இன்னும் ஒரு மாதம் பாக்கி. "எம் மெஷின்ல இப்ப யாருண்ணே ஒக்காந்திருக்கா?" என்று கேட்டாள். கந்தசாமி பழத்தைப் பார்த்தார். சரசு அக்காதான் போட்டு உடைத்தார். புது ஆளைப் போட்டால் இடம் போய்விடும் என்று, இருபது நாளாகச் சூப்பர்வைசரே அந்த மெஷினில் உட்கார்ந்து ஓவர்லாக் அடிக்கிறாராம். பழைய டெய்லர்தானே, கை மறக்கவில்லை, இடுப்புதான் மறந்துவிட்டது. அருள்மேரி அவரையே பார்த்தாள். அவர் காது சிவக்க, பழத்தை அவள் கையில் திணித்துவிட்டுச் சொன்னார்: "இடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க, சீக்கிரமா வந்து... இல்லீங்க இல்லீங்க, டாக்டரம்மா சொன்ன நாளைக்கே வாங்க."

ஆகமொத்தம், மூணாம் லைனைக் கவனித்துக்கொள்வதற்காகக் கம்பெனி எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. "இன்னைக்கு மாத்திரை முழுங்கீட்டீங்களா சிஸ்டர், நாக்கை நீட்டுங்க பாக்கலாம்" என்று தினமும் என்னைக் கவனித்துக்கொள்ளும் மூணாம் லைனுக்கு யார் கொடுப்பது என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.